வரி உட்பட

மூன்று ராத்திரியாய் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்,
கிடங்குச் சரக்கின் பழைய விலை மேல் புது விலை.
துப்பாக்கி மாதிரி ஒரு மிஷின்.
அழுத்தினால் துப்பும்.
சோப்பு, டயப்பர், துவரம்பருப்பு, கொசுமருந்து.
நாலாயிரத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஜூன் முப்பது முடியும் நொடியில்
ஐந்து பதினைந்தாகும்.
மேனேஜர் கதவில் காகிதம் தொங்குகிறது.
எண்ணெய் விலை விழுந்ததாம், பட்ஜெட்டில் துண்டு விழுந்ததாம்.
ஜெகபர் சூரியகாந்தி டின்னைத் தூக்கிக்காட்டிச் சொன்னான்:
"எண்ணெய் விலை இறங்கிட்டதால
எண்ணெய் விலை ஏறுது மச்சான்."
முகக்கவசத்துக்குள் சிரித்தோம்.
மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது.

மூன்று வருஷம் முன்பு வரை
ஞானசிகாமணி அண்ணன் கூடையில்
நாலு பல்துலக்கி இருக்கும்,
ஒன்றில் டைனோசர்.
குடும்பத்தோடு தங்கினால் தலைக்கு இவ்வளவு
என்று ஒரு கட்டணம் வந்தது.
அடுத்த வருஷம் அது வளர்ந்தது,
பிள்ளைகளைவிட வேகமாக.
ஒரு ஏப்ரலில், பரீட்சை முடிந்த கையோடு,
மூன்று பேர் தமாம் விமான நிலையத்தில் கையசைத்தார்கள்.
சர்க்கார் கணக்கில் எவ்வளவு ஏறியதோ தெரியாது.
எங்கள் கணக்கில்
மூன்று பல்துலக்கி குறைந்தது.

இன்றைக்குக் கூட்டம்.
தரையில் ஒட்டிய மஞ்சள் வட்டங்களை
ஒருவரும் மதிக்கவில்லை.
பதினொன்று நாற்பதுக்கு அபூ நவாஃப் வந்தார்,
மூன்று தள்ளுவண்டியோடு.
பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா, ஏழு பிள்ளைகள்.
விலைவாசிக்கென்று மாதாமாதம் வந்த ஆயிரம் ரியால்
இந்த மாதம் வரவில்லை.
சொல்லிவிட்டு அரிசி மூட்டையைத் தட்டினார்,
சொந்தக்காரன் முதுகைத் தட்டுகிற மாதிரி.

அவருக்குப் பின்னால் மொஃபஸல்.
கையில் ஒரே ஒரு பால்பவுடர் டின்.
உள்ளங்கையில் இருபத்து மூன்று ரியால், பத்து ஹலாலா,
எண்ணி வைத்திருந்தது, வியர்த்திருந்தது.

வரிசையை மாற்றியிருக்கலாம்.
"நீ முன்னாடி வா பாய்" என்று
ஒரு வார்த்தை போதும்.
மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.
அதையும் காரணமாகச் சொல்ல முடியாது,
அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
என் கைதான்
முதல் வண்டியின் தக்காளிப் பேஸ்ட்டை எடுத்தது,
பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது.
கருப்பு வரிகளைக் காட்டினால் மிஷின் 'பீப்' என்கிறது.
அதற்கு யார் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்பது தெரியாது.

அபூ நவாஃபின் பில், நள்ளிரவுக்கு முன் திறந்த பில்.
கடைசிப் பொட்டலம் வரை ஐந்தே ஐந்து.
அவர் போகும்போது கடிகாரத்தில் பன்னிரண்டு மூன்று.

டின்னைக் காட்டினேன்.
இருபத்தைந்து முப்பது.

மொஃபஸல் திரையைப் பார்த்தான், உள்ளங்கையைப் பார்த்தான்.
கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.
"இந்த ரெண்டு ரியால் இருபது
யாருக்குப் போகுது பாய்?" என்றான்.
சர்க்காருக்கு.
"எந்த சர்க்காருக்கு?"
கேலி இல்லை. அவனுக்கு இரண்டு சர்க்கார் உண்டு,
இரண்டிலும் அவனுக்குப் பாக்கிதான்.

நான் போட்டுத் தருகிறேன் என்றேன்.
சட்டைப்பையில் கை போவதற்குள்
டின்னைத் திருப்பி வைக்கப் போய்விட்டான்.
சின்ன டின் எடுத்து வந்தான்.
அதில் என் ஸ்டிக்கர், கோணலாக.

விடியற்காலை அறைக்கு வந்து சட்டையைக் கழற்றினேன்.
ஜெகபர் முழங்கையைப் பிடித்துத் திருப்பினான்.
"டேய், உன்மேல ஒண்ணு ஒட்டியிருக்கு."
கண்ணருகே கொண்டுபோய் வாசித்தான்,
மின்சாரம் போய் வந்த வெளிச்சத்தில்.
"விலை அழிஞ்சிடுச்சு.
வரி உட்பட-ன்னு மட்டும் தெரியுது."
உரித்துத் தண்ணீர்க் கேனில் ஒட்டிவிட்டுப்
படுத்துக்கொண்டான்.

மாதக் கடைசியில்
நானும் அவனும் அந்தக் கேனுக்குக்
கணக்குப் பார்க்க வேண்டும்.